ரேடியாலஜிஸ்ட் என்பதா ஸ்காட் அட்லஸின் குறை?

"ஸ்காட் அட்லஸ் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர்தானே, கொரோனா பற்றி டிரம்ப்புக்கு ஆலோசனை சொல்ல அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலோ நண்பர்கள் குழுவிலோ யாரோ அவருக்காக வாதாடி உங்களை எரிச்சலாக்கியிருக்க வேண்டும். கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் துறையை இவ்வளவு மட்டமாகப் பேசினால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுக்கிறேன். 2020 ஏப்ரலில் கொரோனா பரிசோதனை முடிவு வரத் தாமதமாகும். அதற்கு முன்பே நெஞ்சு ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் ஓரங்களிலும் பனிமூட்டம் மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரிந்துவிடும். "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றால் பலருக்குச் சில நொடிகூட முடியாது, இருமிவிடுவார்கள், படம் கலங்கிவிடும். ஒரு நாள் இரவு ஒரே வீட்டிலிருந்து அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் கதவருகில் நின்று ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல அவருக்குப் படம் எடுத்தேன். அறையைத் துடைத்து, காற்று மாறும்வரை காத்திருந்துவிட்டு, அதே மேசையில் மகளைப் படுக்க வைத்தேன். அப்பா வாரக்கணக்கில் வாசலைத் தாண்டவில்லை, தான் கடைக்கு வேலைக்குப் போய் வந்துதான் இது வந்திருக்கும் என்று அழுதுகொண்டே இருந்தாள். இருவர் படத்தையும் பார்த்து, உடனே எமர்ஜென்சி டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னவர் ஒரு ரேடியாலஜிஸ்ட்தான்.

அதனால்தான் ஆகஸ்டில் அட்லஸ் டிரம்ப்பின் கொரோனா ஆலோசகராக வெள்ளை மாளிகைக்கு வந்து, முதியவர்களை நன்றாகப் பாதுகாத்தால் போதும், மற்றவர்கள் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பலாம் என்ற வாதத்தை வைத்தபோது எனக்கு அந்த மகள் நினைவுக்கு வந்தாள். வேலைக்குப் போகிறவளும் வயதானவரும் ஒரே சமையலறையில் இருக்கிற வீட்டில் யாரை எங்கே தனியாக வைப்பது?

அவர் சாதாரண ஆள் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் நியூரோரேடியாலஜி பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஆனால் அவர் துறை மூளையும் தண்டுவடமும். தொற்றுநோய் பரவலில் ஆய்வு செய்தவர் இல்லை. எங்கள் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: நோயாளியின் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்யவும். படத்தை வைத்து எதுவரை சொல்லலாம் என்பது நல்ல ரேடியாலஜிஸ்டுக்குத் தெரியும். அட்லஸ் விட்டுவிட்டது அந்தப் பழக்கத்தைத்தான். செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டின் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் 70-க்கு மேற்பட்டோர் அவர் சொல்வது தவறு என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர் வழக்கறிஞர் மூலம் வழக்குப் போடுவேன் என்றார். அக்டோபரில் மாஸ்க் பயன் தராது என்று ட்வீட் போட்டார், ட்விட்டர் அதை நீக்கியது. நவம்பரில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அவை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, அந்த மாதக் கடைசியில் பதவி விலகினார்.

டிரம்ப் ஆதரவாளர்கள் சண்டைக்கு வருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, என் பிள்ளைகள் திரை முன்னால் உட்கார்ந்து பட்ட பாட்டை நானும் பார்த்தேன். கூட்டு எதிர்ப்புச் சக்திக்காக, அதாவது பலருக்கும் தொற்றி எதிர்ப்பு உருவாகட்டும் என்று, நோயைப் பரவவிடச் சொன்னதாக வந்த குற்றச்சாட்டையும் அவர் மறுத்திருக்கிறார். நான் கட்சி பேசவில்லை.

அப்புறம், எங்கள் துறையை மட்டமாக நினைப்பது நீங்கள் மட்டுமில்லை. டிசம்பரில் தடுப்பூசி வந்தபோது எங்கள் மருத்துவமனையின் முதல் பட்டியலில் ஸ்கேன் பிரிவு இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த நிர்வாகிகள் சிலர் எங்களுக்கு முன் போட்டுக்கொண்டார்கள். கேட்டால், நீங்கள் நோயாளிகளோடு நேரடியாகப் பழகுகிறவர்கள் இல்லையே என்றார்கள். நோயாளியைத் தூக்கி மேசையில் கிடத்துவது யார், அவர் இருமும்போது முகத்துக்கு நேரே குனிந்து நிற்பது யார் என்று எழுதியே கேட்டோம். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.