மயங்கி விழுந்தவரை மறுபடி ஆட இறக்கினார்கள், வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. 2003 முதல் 2016 வரை ஒரு ரக்பி கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடினார். தலையில் எத்தனை தடவை அடிபட்டது என்று கணக்கே இல்லை. 2014-ல் ஒரு ஆட்டத்தில் நினைவு தப்பி விழுந்தவரைப் பத்து நிமிடத்தில் திரும்ப மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். இப்போது மறதி, திடீர் கோபம், தெரிந்த வழியிலேயே தடுமாறுகிறார். பல வருடம் பட்ட அடிகளால் வந்ததாக இருக்கலாம் என்று நான்கு மாதத்துக்கு முன் நரம்பியல் மருத்துவர் சொன்னார். ஆனால் 'எந்தக் காயத்துக்கும் கிளப் பொறுப்பல்ல' என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்துப் பயத்தை விடுங்கள். ரக்பி ஆட வந்தவர் இடிபடுவதற்குச் சம்மதித்தார், அது சரி. நினைவு தப்பிய பிறகும் தன்னை ஆட வைப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அந்த நிமிடத்தில் சம்மதம் சொல்லும் நிலையிலேயே அவர் இல்லையே! இங்கிலாந்தில் 1977-ம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் நடத்துகிறவர் தன் கவனக்குறைவால் வந்த உடல் காயத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. சில நாடுகளில் இந்த மாதிரிப் பத்திரத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, ஆனால் அங்கேயும் அப்பட்டமான அலட்சியத்தை அதை வைத்து மூடுவது கஷ்டம்.

கிளப் தரப்பு கட்டாயம் சொல்லப்போவது இதுதான்: "அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" ஆனால் குத்துச்சண்டை வீரர்களுக்கு அடிபட்டு அடிபட்டு மூளை கெடுவதைப் பற்றி மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். விளையாட்டில் வரும் மூளை அதிர்ச்சி (தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது) பற்றிய முதல் சர்வதேச மாநாடு 2001-ல் வியன்னாவில் நடந்தது. 2012-ல் சூரிச்சில் நடந்த நான்காவது மாநாடு, மூளை அதிர்ச்சி என்று கண்டறியப்பட்டவரை அதே நாளில் திரும்ப ஆட விடக் கூடாது என்று சொல்லிவிட்டது. உங்கள் கணவரை இறக்கிவிட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அதனால்தான் பதின்மூன்று வருட ஆட்டத்தையும் ஒரே மாதிரி முன்வைக்காமல், அந்த 2014 ஆட்டத்தையும் அதற்குப் பின் பட்ட அடிகளையும் வழக்கின் முதுகெலும்பாக வைக்கச் சொல்கிறேன். முந்தைய வருடங்களையும் சேருங்கள், ஆனால் அவை அவ்வளவு வலுவாக நிற்காது.

கிளப்போடு நின்றுவிடவும் வேண்டாம். 1991-ல் மைக்கேல் வாட்சன் குத்துச்சண்டையில் மூளை பாதிக்கப்பட்டபோது, மேடையருகே சரியான மருத்துவ ஏற்பாடு இல்லாததற்கு விதிகளை வகுத்த பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. விளையாட்டை நடத்துகிற அமைப்பையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியுமா என்று உங்கள் வக்கீல் பார்க்க வேண்டும்.

அப்புறம் நோயின் பெயர். சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை மெல்லச் சிதையும் நோய்) என்ற சொல்லைத் தேடிப் படித்திருப்பீர்கள். அது இருக்கிறதா என்பதை இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆகவே வழக்கை அந்தப் பெயரில் கட்டினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். மருத்துவர் இன்று அளந்து சொல்லக்கூடிய நினைவுக் குறைவு, டிமென்ஷியா (மறதி நோய்) இவற்றின் மேல் கட்டுங்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் அந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக் மீது போட்ட வழக்கில் 2015-ல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்திலும், உயிரோடிருப்பவர்களுக்கு டிமென்ஷியா, பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோயறிதலுக்குத்தான் பணம். சிவில் வழக்கில் நூற்றுக்கு நூறு நிரூபிக்கத் தேவையில்லை, இந்த அடிகளால் வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். மருத்துவர் "இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்து, விரிவான கருத்தை எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது காலக்கெடு. இங்கிலாந்தில் பாதிப்பும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம், அப்படிப் பார்த்தால் மருத்துவர் சொன்ன நாளிலேயே உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கும். அதற்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சில நாடுகளில் கெடு இதைவிடக் குறைவு, அடிபட்ட நாளிலிருந்தே எண்ணுகிற இடங்களும் உண்டு. இந்த வாரமே உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். கிளப் "உதவித்தொகை" என்று ஏதாவது நீட்டினால் அவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. அந்த ஆட்டத்தின் வீடியோ, கூட ஆடியவர்களின் தொடர்பு எண்கள், கிளப்பின் மருத்துவப் பதிவேட்டின் நகல் கேட்டு ஒரு கடிதம், இவற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யார் என்ன சொல்லித் தன்னை மைதானத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை உங்கள் கணவர்தான் சொல்ல முடியும். அவர் தெளிவாக இருக்கிற ஒரு காலை நேரத்தில் உட்காரவைத்து, அவசரப்படுத்தாமல், அவர் வாயாலேயே சொல்லச் சொல்லித் தேதியோடு பதிவு செய்து வையுங்கள்.