2017 ஆக்டேவியா ஆர்எஸ்ஸை எப்போது மாற்றுவது?

எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரைக் கொடுத்துவிட்டு புது ஆர்எஸ் அல்லது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ எடுக்கலாமா, எடுத்தால் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் நானும் அதே மாடலைத்தான் ஓட்டுகிறேன். விற்கும் எண்ணம் இருந்தால் வண்டிக்குப் பத்து வயது ஆவதற்குள், அதாவது 2027-க்குள் விற்றுவிடுங்கள். இல்லையென்றால் ஆசை தீர ஓட்டுங்கள்.

ஏன் பத்து? அதற்கு மேல் போன வண்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் யோசிக்கும். 15 வருடத்தில் ஆர்சி புதுப்பிக்க வேண்டுமே என்ற கணக்கும் வாங்குபவர் மனதில் ஓட ஆரம்பிக்கும். கையில் முழுப் பணத்தோடு வரும் ஆள் மட்டும்தான் மிச்சம். அவர் பேரம் பேசாமல் விடமாட்டார்.

'சர்வீஸ் செலவு தாங்கவில்லை, அதனால் மாற்றுகிறேன்' என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள், கணக்கு இடிக்கும். நம் வண்டி அன்று ஷோரூம் விலையில் 25 லட்சத்துக்குள். 2025 அக்டோபரில் வந்த புது ஆர்எஸ் 49.99 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது அதுவே கிட்டத்தட்ட பத்து லட்சம். இன்சூரன்ஸும் சேர்ந்தால் ஆன் ரோடு விலை அறுபதைத் தாண்டும். பழைய வண்டியின் விலை விழ வேண்டியதெல்லாம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. புது வண்டி முதல் வருடத்தில் இழக்கும் மதிப்பை வைத்துப் பழையதைப் பல வருடம் பராமரிக்கலாம்.

அப்படி மாறினால் கிடைப்பது என்ன? புது ஆர்எஸ்ஸில் இன்ஜின் சக்தி 230 பிஎஸ்ஸிலிருந்து (குதிரைத்திறன்) 265 ஆகிறது. நான்குவழிச் சாலையில் ஓவர்டேக் செய்யும்போது தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில், அதுவும் முன்னால் அரசுப் பேருந்து போனால், சுத்தமாகத் தெரியாது. புதிய பாதுகாப்பு வசதிகளுக்காக மாறுகிறீர்கள் என்றால் அது நியாயமான காரணம். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போகிறவரா? புது வண்டிக்குப் போகும் பணத்தை டயர், பிரேக் பேடுக்கே செலவழிக்கலாம்.

இன்னொரு சிக்கல், நீங்கள் நினைத்த நாளில் வண்டி கிடைக்காது. 2020-ல் ஆர்எஸ் 245 வந்தது 200 வண்டிதான். 2025 ஆர்எஸ் வெறும் 100. கோல்ஃப் ஜிடிஐயும் முதல் தவணையில் 150தான். அதனால் புதியது உங்கள் பெயருக்கு உறுதியாகும் வரை பழையதற்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில், டயர், ஷாக் அப்சார்பர் எல்லாம் இப்போதுதான் மாற்றியிருந்தால் உடனே விற்காதீர்கள். போட்ட காசில் பாதிகூட விலையில் ஏறாது; கொஞ்ச நாள் ஓட்டி அனுபவியுங்கள். இதெல்லாம் ஒரே நேரத்தில் வரப்போகிறது என்றால் அதற்கு முன் விற்பது லாபம்.

ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் வருடம், கிலோமீட்டர் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். ஆர்எஸ் என்பதற்காகக் கூடக் கொடுப்பவர் இந்த வண்டியைத் தேடி அலையும் ஆள்தான், அவரிடம் நேரடியாக விற்கப் பாருங்கள். சர்வீஸ் பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சக்தியைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி ரீமேப் செய்திருந்தால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கொண்டுவரும் மெக்கானிக் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.