நிறுவனத்தின் ஒரு கிளையில் மைஎஸ்கியூஎல் (தரவுத்தள மென்பொருள்) 5.6 பதிப்பும் இன்னொன்றில் 5.7-உம் ஓடும்போது, 8.0-க்கு உயர்த்தும் சோதனையை எப்படி நடத்துவது?

வெற்றுத் தரவுத்தளத்தில் சோதிப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு கிளையின் உண்மைத் தரவையும் தனி சர்வரில் நகலெடுத்து, அங்கு ஓடும் பதிப்பிலிருந்தே உயர்த்திப் பாருங்கள். உங்கள் 5.6 கிளை 8.0-க்கு நேரே தாவ முடியாது, 5.7 வழியாகத்தான் போக வேண்டும். எனவே சோதனைப் பாதைகளும் இரண்டு.

ஜார்ஜ் டவுனில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு இதைச் செய்தபோது உயர்த்தல் பிழையின்றி முடிந்தது. ஆனால் கடன் பட்டியல் வரிசை கலைந்து வந்தது. 5.7 வரை 'குரூப் பை' (வரிகளைத் தொகுக்கும் கட்டளை) தானாகவே வரிசைப்படுத்தும், 8.0 அதைச் செய்வதில்லை. வரிசைப்படுத்தும் கட்டளையான 'ஆர்டர் பை' சேர்த்ததும் சரியானது. வரி எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அறிக்கைகளை முன்னும் பின்னும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

8.0-இலிருந்து 5.7-க்கு இறங்க வழியில்லை. திரும்ப வேண்டுமானால் உயர்த்தும் முன் எடுத்த காப்பு நகல்தான், எனவே அதை மீட்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அளந்துவையுங்கள்.