உதிர்ந்த ஷூ, கனக்கும் பை, ஹார்ட்வேர் கயிறு: மலையேறுவோரின் கேள்விகள்

கேள்வி: ஐயா, டிசம்பரில் தருமபுரியில் ஒரு கடையில் பாதி விலைத் தள்ளுபடியில் மலையேற்ற ஷூ வாங்கினேன். போட்டுப் பார்த்ததோடு சரி, பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஜூனில் இமாச்சலில் உள்ள கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். தேவதாருவும் ஓக்கும் அடர்ந்த பழைய காட்டு வழி. இரண்டாம் நாளே இரண்டு ஷூவிலும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மாற்றுச் செருப்போடு பாதியில் திரும்பினேன். கடைக்காரர், "ஆறு மாசம் ஆச்சு, நீங்க முரட்டுத்தனமா நடந்திருப்பீங்க" என்கிறார். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்றும் அச்சடித்திருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: விட வேண்டாம். நீங்கள் நடந்த விதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பல மலையேற்ற ஷூக்களில், காலுக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவில் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று இருக்கும். பாரத்தைத் தாங்குவதில் அருமையான பொருள். ஆனால் காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளிருந்தே மெல்ல மெல்ல அரிக்கும். புழுக்கமான கிடங்கில் சில வருடம் கிடந்தால், ஒரு நாள்கூடக் காலில் ஏறாத ஷூவும் வெளியே புதிதாகவே தெரியும். ஏறி நடக்கும்போது உதிர்ந்துவிடும். இரண்டு ஷூவும் ஒரே சமயத்தில் போனது இதற்கு நல்ல அடையாளம். முரட்டு நடையால் கிழிந்திருந்தால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, ஓரத்தில்தான் முதலில் பிய்ந்திருக்கும். ஆறு மாதம் உங்கள் பீரோவில் இருந்ததால் இது வந்துவிடாது. அதற்கு முன் எத்தனை வருடம் கடையிலோ கிடங்கிலோ கிடந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கான பதில் பெட்டியில் இருக்கிறது. பெட்டி மேல் ஒட்டியுள்ள சீட்டில், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில், தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். நாலைந்து வருடத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். பெட்டி, பில், உதிர்ந்த துண்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டவும் வேண்டாம். ஒட்டினால் சாட்சியும் போச்சு.

பில்லில் உள்ள அந்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். நம் ஊரில் பாதிக் கடைகளின் பில் புத்தகத்தில் அது இருக்கும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. தள்ளுபடியில் விற்றதும் காரணம் ஆகாது. "பழைய சரக்கு, சோல் உத்தரவாதம் இல்லை" என்று விற்கும்போதே சொல்லியிருந்தால் பேச்சு வேறு.

முதலில் பதிவுத் தபாலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் கடிதம் போடுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பெரிய பிராண்டாக இருந்தால் பெரும்பாலும் இங்கேயே இறங்கி வருவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஷூவின் விலை, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, இந்த மூன்றும் கேட்கலாம். இமாச்சல் போய்வந்த முழுச் செலவையும் கேட்கலாம், தடையில்லை. ஆனால் அதை நிரூபிப்பது சிரமம். அதை நம்பி, சமரசத்துக்கு வரும் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த ஷூவை வாங்கும்போது விலைச் சீட்டுக்கு முன்னால் தேதிச் சீட்டைப் பாருங்கள். வாங்கிய ஷூவைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் மாதம் ஓரிரு முறை போட்டு நடங்கள். அதன் லட்சணம் ஊரிலேயே தெரிந்துவிடும். பழங்காட்டில் விழுந்து மக்கிய மரம், ஈரச் சருகு, வேர் என்று கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்கும். அங்கே வைத்து ஷூவின் அடிப்பாகத்தைச் சோதிக்கக் கூடாது.

கேள்வி: தம்பி கல்லூரி நண்பர்களோடு ஒரு வார மலைப் பயணம் போகிறான். 60 லிட்டர் பை கேட்கிறான். ஆன்லைனில் இரண்டாயிரத்துக்கும் இருக்கிறது, பதினைந்தாயிரத்துக்கும் இருக்கிறது. "வாட்டர்புரூஃப்" என்று போட்டதை வாங்கினால் போதுமா அண்ணா? (வாசகி, காவேரிப்பட்டினம்)

பதில்: லிட்டரைவிட முதுகின் நீளம் முக்கியம்மா. தம்பியைத் தலை குனியச் சொன்னால் கழுத்தடியில் ஒரு எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். பையின் முதுகுப் பகுதி அந்த அளவுக்குப் பொருந்தினால்தான் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் உட்காரும். பாரத்தின் பெரும் பங்கை அந்தப் பட்டைதான் வாங்க வேண்டும். பொருந்தாத பை, பதினைந்தாயிரம் கொடுத்ததாக இருந்தாலும், தோளில்தான் தொங்கும்.

முடிந்தால் ஓசூரோ பெங்களூரோ போய்க் கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். காலிப் பையாக இருந்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். பத்து கிலோ எடை போடச் சொல்லி, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். ஆன்லைனில்தான் என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் இரண்டு ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே போட்டு மாடிப்படி ஏறி இறங்கட்டும். சீட்டைக் கிழிக்காமல்!

வாட்டர்புரூஃப் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துணி தண்ணீரைத் தடுத்தாலும் தையலிலும் ஜிப்பிலும் இறங்கும். துணிமணியைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே வைத்தால் போதும்.

கேள்வி: ராயக்கோட்டைப் பக்கம் பாறை ஏறிப் பழக ஆசை. ஹார்ட்வேர் கடையில் 12 மி.மீ. நைலான் கயிறு மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? (வாசகர், ஓசூர்)

பதில்: போதாது. லாரியில் சரக்குக் கட்டும் கயிறு எடையைத் தாங்கும். விழுந்த மனிதனைத் தாங்குவது வேறு கதை. பாறை ஏறும் கயிறு, விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதில் ஈ.என். 892 (ஐரோப்பியத் தர அளவு) அல்லது யு.ஐ.ஏ.ஏ. (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) முத்திரையும் தயாரித்த வருடமும் இருக்கும். பழைய கயிற்றை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது எத்தனை பேர் விழுந்ததைத் தாங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. பயிற்சியாளரிடம் சேருங்கள், முதல் சில மாதங்களுக்குக் கயிறு அவருடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: மேலகிரிக் காட்டுக்குள் இரண்டு நாள் நடை, இரவு டென்ட், எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு குழு விளம்பரம். பாதிப் பணம் முன்கூட்டியே யு.பி.ஐ.யில் கேட்கிறார்கள். அனுப்பலாமா? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: அந்த மலைத்தொடரின் பெரும் பகுதி காவேரி வடக்கு, காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வருகிறது. யானைகள் நடமாடும் காடு, அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். மாட்டினால் குழுவோடு சேர்த்து உங்கள் மேலும் வழக்கு வரும். அப்படிப் போன பயணத்துக்குக் கொடுத்த பணத்தை நுகர்வோர் ஆணையத்தில் கேட்டு வாங்குவதும் லேசில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன பலர் காட்டுத்தீயில் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். உங்கள் மாவட்டத்துக் குத்திராயன் சிகரமும் அதில் இருக்கிறது. காட்டுத்தீக் காலத்தில் வழிகளை மூடிவிடுவார்கள் என்பதால் தேதியைப் பார்த்துப் பதியுங்கள்.

இந்தக் குழுவோடுதான் போக வேண்டும் என்றால், வனத்துறை அனுமதியின் நகலையும், ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் அங்க வந்து பாத்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.