எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் மூச்சை இழுத்தால் தொண்டை வலிக்கிறது: இனி யாரைப் பார்ப்பது?

மூன்று வருடமாகத் தொண்டை வலி, மூச்சை இழுத்தாலும் வலி, எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், அடுத்து எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "நார்மல்" என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நாலரை வருடம் அதைக் கேட்டவள் நான். உங்களிடமும் ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட் இருக்கும். வீட்டில் "இவளுக்கு இதே வேலை" என்று முணுமுணுக்கவும் தொடங்கியிருப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு வந்ததுதான் உங்களுக்கும் என்று சொல்ல வரவில்லை.

டீச்சர் என்றதுமே பாதிப் பேர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "கத்துறீங்க, சாக்பீஸ் தூசி, தொண்டை வலிக்கத்தானே செய்யும்?" முதல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அடுத்தவர் அசிடிட்டி என்று வெறும் வயிற்றில் போடும் மாத்திரை எழுதினார், எட்டு மாதம் விழுங்கினேன். அப்புறம் நெஞ்சு டாக்டர். எக்ஸ்ரே சுத்தம், சளி டெஸ்ட் சுத்தம். ஊதிப் பார்க்கும் டெஸ்டைக்கூட எடுக்காமல் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து இன்னொருவர் ஊத வைத்துப் பார்த்தார், உங்களுக்கு ஆஸ்துமாவே இல்லை என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குரல் நாணையும் பார்த்தாயிற்று. நார்மல். கடைசியில் "மனசுல ஏதாவது கவலையா?" என்ற கேள்வி வந்தது. மனநல டாக்டரிடமும் போனேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில் அவர் ஒருவர்தான் அரை மணி நேரம் நான் சொன்னதைக் கேட்டார்.

நடுவில் மாமியார் தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார். அவர் குழாய் வைத்து உறிஞ்சி, என் தொண்டையிலிருந்து மீன் முள் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் பிறந்ததிலிருந்து சைவம். நாட்டு வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், சித்தரத்தைக் கஷாயம் இன்றைக்கும் குடிக்கிறேன். அந்த முள் மட்டும் என்னுடையது இல்லை.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? பல் டாக்டர். கடைவாய்ப் பல்லுக்காகப் போயிருந்தேன். வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னார். நான் இடது காதுக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். "பல் இங்க இருக்கு, கை ஏம்மா அங்க போகுது? எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க" என்றார். நாலரை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தலையைத் திருப்பினால் வலிக்குமா, கொட்டாவி விட்டால் வலிக்குமா என்றும் கேட்டார். போர்டில் எழுதிக்கொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்புவேனே, அப்போதுதான் உயிர் போகும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கழுத்தில் உரம் விழுந்தது என்று நினைத்திருந்தேன். கிளவுஸ் போட்ட விரலை டான்சில் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். அதே வலி, அதே இடம்.

பல்லுக்காக எடுத்த, தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயிலேயே தாடைக்குப் பின்னால் வெள்ளைக் குச்சி மாதிரி ஒன்று தெரிந்தது. காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து தொண்டையை நோக்கி இறங்கும் ஊசி எலும்பு, ஸ்டைலாய்டு என்பார்கள். சாதாரணமாக இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும், 3 தாண்டினால் நீளம் என்று கணக்கு. சிடி ஸ்கேனில் எனக்கு இடது பக்கம் 4.1. பக்கத்தில் ஓடும் நரம்பை அது உரசினால் இந்த வலி வரும். பெயர் ஈகிள் சிண்ட்ரோம். கழுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 1937இல் இதை எழுதிய அமெரிக்கத் தொண்டை மருத்துவர் வாட் ஈகிளின் பெயர்.

இந்த எலும்பு நீளமாக இருக்கிற பெரும்பாலானோருக்கு வலியே இருக்காது. அதனால் படத்தைப் பார்த்ததும் குதிக்கக் கூடாது. பல் டாக்டர் என்னை ஒரு ஈஎன்டி டாக்டரிடம் அனுப்பிவைத்தார். அவர் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்தார், ஒரு மணி நேரம் வலி இல்லை. அதற்கு அப்புறம்தான் நம்பினார். முதலில் நரம்பு வலி மாத்திரை கொடுத்தார், வகுப்பிலேயே தூங்கி வழிந்தேன். பிறகு ஆபரேஷன், வாய் வழியாகவே, டான்சிலையும் எடுத்துவிட்டு. பத்து நாள் கஞ்சி. முழுக்கக் குணம் என்றால் பொய், மார்கழிக் குளிரில் காதுக்குள் லேசாக இழுக்கும். போர்டிலிருந்து திரும்பும்போது மட்டும் இப்போது பல்லைக் கடிப்பதில்லை.

என் தப்பும் உண்டு. "மூச்சு விட்டா வலிக்குது" என்றே எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் நெஞ்சைப் பார்த்தார்கள். வலித்தது மூச்சுக்காக வாயை அகலத் திறக்கும்போது, தொண்டையில்.

தொண்டை போகிறது என்று வகுப்புக்கு மைக் கேட்டேன். பெற்றோர் கூட்டத்தில் பணமும் வசூலித்தார்கள். மூன்று வருடமாக அது "வந்துகொண்டிருக்கிறது". வாசலில் வளைவு மட்டும் புதிதாக வந்துவிட்டது. சரி, அதை விடுங்கள்.

குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால், விழுங்க முடியாமல் போனால், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, எடை குறைவு, இதில் ஒன்று இருந்தாலும் என் கதையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஈஎன்டியிடம் போங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இல்லையென்றாலும் முதல் படி ஈஎன்டிதான். எப்போது, எந்த அசைவில் வலிக்கிறது என்று ஒரு வாரம் எழுதி வைத்துக் கொண்டுபோங்கள், டான்சில் பள்ளத்தை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆமாம், வலி ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்று நீங்கள் எழுதவே இல்லையே?