போர்க்காலப் பெண் தொண்டர்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: முதல் தன்னார்வத் தொண்டர் நைட்டிங்கேல்தானே?

இல்லை. அவரை மட்டும் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. 1854-ல் கிரிமியப் போரின்போது துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு அவர் அழைத்துப்போன 38 பேரில் கன்னியாஸ்திரீகளும் இருந்தார்கள், சம்பளத்துக்கு வந்த செவிலியரும் இருந்தார்கள்.

கேள்வி: வி.ஏ.டி. பெண்கள் நர்ஸ்கள்தானா?

மார்பில் சிவப்புச் சிலுவை போட்ட ஏப்ரனைப் பார்த்ததும் நர்ஸ் என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. வி.ஏ.டி. (Voluntary Aid Detachment) என்பது 1909-ல் பிரிட்டனில் தொடங்கிய தன்னார்வ உதவிக்குழு. முதலுதவியில் கொஞ்சம் பயிற்சி, அப்புறம் முதல் உலகப்போரில் தரை துடைப்பது, படுக்கை விரிப்பது, போகப்போகக் காயத்துக்குக் கட்டுப்போடுவது. வருடக்கணக்கில் படித்த நர்ஸ்களுக்கு இவர்களைக் கண்டாலே எரிச்சல். துப்பறியும் கதை எழுதிய அகதா கிறிஸ்டியும் இப்படிச் சேர்ந்தவர்தான், மருந்தகத்தில் வேலை பார்த்தபோது விஷங்களைத் தெரிந்துகொண்டார்.

கேள்வி: பாட்டி சீருடையில் நிற்கும் படம் இருக்கிறது, எந்தப் படை?

படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். நான் ஜோசியன் இல்லை.

கேள்வி: ஜான்சி ராணிப் படையினர் போர்முனையில் சண்டை போட்டார்களா?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படை அது. 1943-ல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்தார், சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை. துப்பாக்கிப் பயிற்சி முழுதாக நடந்தது, பர்மாவில் மேம்யோ வரை போனார்கள், அங்கே காயம்பட்டவர்களையும் கவனித்தார்கள். ஆனால் இம்பால் போருக்கு அவர்களை இறக்கவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது போஸும் அவர்களோடு நடந்தார்.

கேள்வி: அதில் பலர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். சோற்றுக்கு வழியில்லாமல் சேர்ந்ததைத் தன்னார்வம் என்பீர்களா?

என்பேன். சம்பளமில்லாமல் வேலை பார்க்க முதலில் வீட்டில் பணம் வேண்டும். வி.ஏ.டி.யில் வசதியான வீட்டுப் பெண்கள் நிறைந்திருந்தது அதனால்தான். அவர்கள் சலிப்புக்கும் சாகசத்துக்கும் சேர்ந்தால் சேவை, பால்மரம் வெட்டிய பெண் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) விட்டு வெளியேற நினைத்தால் மட்டும் பிழைப்பா?

மறுப்பு: அப்படிப் பார்த்தால் கூலிக்குப் போன எல்லாரும் தொண்டர்தானே?

கூலிக்குப் போனவர் கையில் துப்பாக்கி கொடுத்து, நீ சாகவும் நேரலாம் என்று சொல்லியா சேர்ப்பார்கள்? பசியும் இருந்திருக்கும், கங்காணி மேல் கோபமும், நாடு என்ற ஆசையும் இருந்திருக்கும். இதே படையின் ஜானகி தேவர் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்ததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கழற்ற நகையே இல்லாதவள் தன்னையே கொடுத்தாள், அவள் பெயரைத்தான் எழுதாமல் விட்டோம்.

கேள்வி: அவர்கள் சண்டை போட்டார்களா?

மேலே படியுங்கள் ஐயா.