முடிவில்லாத வழக்குக்கு முடிவுரை

கேள்வி: பதினைந்து வயதான என் மகள், 1888இல் லண்டன் வொயிட்சேப்பல் பகுதியில் நடந்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளைப் பள்ளிச் செயல்திட்டத்துக்கு எடுத்திருக்கிறாள். கடைசிவரை பிடிபடாத கொலையாளி யார் என்று சொல்லாமல் கட்டுரையை எப்படி முடிப்பது?

பதில்: விசாரணை எங்கே தடுமாறியது என்பதையே பொருளாகக் கொள்ளட்டும். செப்டம்பர் 30 அதிகாலை, கொல்லப்பட்ட பெண்களில் ஒருவரான கேத்தரின் எட்டோஸின் ஏப்ரன் துண்டு கிடந்த இடத்துக்கு மேலே, சுவரில் சாக்கட்டியால் எழுதிய வாசகம் ஒன்று இருந்தது. அது யூதர்களுக்கு எதிரான கலவரத்தைத் தூண்டிவிடும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சார்லஸ் வாரன், புகைப்படம் எடுக்கும் முன்பே அதை அழிக்கச் செய்தார். (எழுதியவன் கொலையாளிதானா என்பது இன்றும் சர்ச்சைதான்.) ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயரே ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் பிறந்தது, அதை எழுதியவர் ஒரு பத்திரிகையாளர் என்றே காவல் அதிகாரிகள் சிலர் பிற்பாடு கருதினார்கள். 1894இல் லண்டன் காவல் அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் குறித்துவைத்த மூன்று சந்தேக நபர்களில் மைக்கேல் ஆஸ்ட்ராக், கொலைகளின்போது பிரான்சில் சிறையில் இருந்தது வெகுகாலம் கழித்துத் தெரியவந்தது. பிணப் படங்கள் வேண்டாம். அந்த இடத்தைக் கொல்லப்பட்ட பெண்களின் வாழ்க்கைக்குக் கொடுக்கலாம். மேரி ஆன் நிக்கோல்ஸ், படுக்கைக்குரிய நான்கு பென்ஸ் கையில் இல்லாததால்தான் கொல்லப்பட்ட அன்றிரவு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.